வாட்டம்

புதிதாக வீடு கட்டியவர்களைப் பார்க்கப் போனால் ஒரு சடங்கு உண்டு. வீட்டுக்காரர் நம்மை ஒவ்வொரு அறையாக அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, கடைசியில் சமையலறைக் குழாயைத் திறந்து, "எப்படி சார் ஃபோர்ஸ்?" என்பார். நாமும் கங்கையைக் கண்ட பகீரதன் போல வியந்து நிற்க வேண்டும். சமீப காலமாக நான் வியந்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்கிறேன். "சரி, இது எங்கே சார் போகுது?"

வீட்டுக்காரர் மேஸ்திரியைப் பார்ப்பார். மேஸ்திரி பிளம்பரைத் தேடுவார். பிளம்பர் சாப்பிடப் போயிருப்பார்.

சிரிக்காதீர்கள். காலையில் நீங்கள் காபி டம்ளர் கழுவிய தண்ணீர் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொள்வதற்காக நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கொல்லைப்புறத்தில் ஓர் அடுப்படி போடும் உத்தேசம் உங்களுக்கு இருந்தால் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன பிறகு, 2021-ல், அம்மாவை ஊரிலிருந்து எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். ஊர், தஞ்சாவூர்ப் பக்கம். வீடு, தாம்பரம் தாண்டி. ஒரு கிரவுண்டு மனை, நாற்பதுக்கு அறுபது. அதில் என் மனைவி ஆசைப்பட்டுச் செய்த மாடுலர் கிச்சன். கறுப்பு கிரானைட், விமானம் கிளம்புவது போலச் சத்தம் போடும் சிம்னி, இழுத்தால் சத்தமே இல்லாமல் வரும் டிராயர்கள்.

அம்மா அதற்குள் போய் நின்றாள். எதையும் தொடவில்லை. "பேங்க்ல நிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றாள்.

அறுபது வருஷம் கொல்லையில் சமைத்தவள். அவளுக்கு அடுப்பு என்றால் மேலே கூரை, பக்கவாட்டில் காற்று, கண்ணுக்கு எதிரே முருங்கை மரம். கருவாட்டுக் குழம்பை வீட்டுக்குள் கொதிக்க விட்டால் வாசனை மூன்று நாளைக்கு சோபாவில் உட்கார்ந்திருக்கும். எனவே மாமியார், மருமகள் இருவர் நலனையும் உத்தேசித்து, பின்பக்கம் எட்டடிக்கு ஆறடியில் வெளிச் சமையலறை ஒன்று கட்டத் தீர்மானித்தோம். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு விறகு அடுப்பு, ஒரு சிங்க், மேலே ஓடு.

கடைக்கால் தோண்டும்போது அம்மா வந்து நின்று, "தண்ணி எங்க தம்பி போவும்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றேன்.

இந்த 'பாத்துக்கலாம்மா' என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறது.

பிளம்பர் ஒரு சுறுசுறுப்பான இளைஞர். காதில் இயர்போன். அரை நாளில் வேலையை முடித்துவிட்டார். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயை வெட்டி, ஒரு டி போட்டு, வெளிச்சுவரில் கிளிப் அடித்துப் பின்பக்கம் வரை இழுத்து, குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. கை தட்டாத குறை.

முதல் வாரத்திலேயே இரண்டு விஷயங்கள் புரிந்தன. மேற்குச் சுவரில் வெயிலில் கிடக்கிற குழாய், மதியம் இரண்டு மணிக்கு ரசம் வைக்கத் தயாராகத்தான் தண்ணீர் தரும். முதல் அரை வாளியைத் தொட முடியாது. இரண்டாவது, வெயில் பிளாஸ்டிக் குழாய்க்கு ஆகாது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் பி.வி.சி., சி.பி.வி.சி. எதுவானாலும் மெல்ல மெல்ல வெளுக்கவைத்து, அப்பளம் மாதிரி நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். மண்ணில் புதைக்க வேண்டும். முடியாவிட்டால் வெளிர் நிறத்தில் பெயின்ட்டாவது அடிக்க வேண்டும்.

ஃபோர்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது குழாயிலோ, கம்பெனியிலோ இல்லை. உயரத்தில் இருக்கிறது. தொட்டித் தண்ணீரின் மட்டத்துக்கும் நம் குழாய்க்கும் நடுவே பத்து மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். ஐந்து மீட்டர் என்றால் அரைக் கிலோ. அவ்வளவுதான் கணக்கு. போகிற வழியில் ஒவ்வொரு எல்போவும் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்ளும். அதனால் முக்கால் அங்குலக் குழாயிலேயே கடைசி வரை கொண்டுவந்து, குழாயடியில் மட்டும் அரை அங்குலமாகக் குறைப்பது நல்லது. பின்பக்கத்துக்கென்று தனியாக ஒரு வால்வும் இருக்கட்டும். இல்லாவிட்டால் கொல்லைக் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டுமென்றால்கூட வீட்டில் யாரும் குளிக்க முடியாது.

இதெல்லாம் வருகிற தண்ணீர். போகிற தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று இளைஞரைக் கேட்டேன்.

"பக்கத்துலயே ஒரு பிட் இருந்திச்சு சார். அதுல விட்டுட்டேன். ஒரே எல்போ."

'அப்பாடா, செலவு மிச்சம்' என்று நினைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த பிட், மழைநீர் சேகரிப்புக் குழி. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, மொட்டைமாடிக் குழாயைக் கொண்டுவந்து இறக்கிய குழி. ஜல்லி, மணல் போட்டு மூடியது. அதிலிருந்து பன்னிரண்டு அடியில் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் உறைக்கிணறு.

அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜூன் உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, நகரமே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த மாதம். எங்கள் போர் காற்றை மட்டும் கொடுத்தது. நண்பரின் கிணற்றில் மட்டும் அடியில் கொஞ்சம் ஊறிக்கொண்டிருந்தது. அவர் சுவர் வழியாக ஒரு ஹோஸைப் போட்டு, "காலையில ரெண்டு குடம், சாயந்திரம் ரெண்டு குடம் சார். அதுக்கு மேல எனக்கும் இல்ல" என்றார். நாற்பது நாள் கொடுத்தார். ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் கொடுப்பது போலக் கணக்காகக் கொடுத்தார்.

2022 பொங்கலுக்கு அம்மாவின் அடுப்பு பற்றவைக்கப்பட்டது. வைகாசியில் ஒரு நாள் காலை நண்பர் கேட்டருகே வந்து நின்றார். எப்போதும் உள்ளே வந்து பேப்பரை எடுத்துக்கொண்டு உட்காருகிறவர் அன்று உள்ளே வரவில்லை. கையில் ஒரு பாட்டில். மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாருங்க சார்."

பார்த்தேன். பழைய பாத்திரத் தண்ணீரின் வாசனை. மேலே மெல்லிய படலம், வானவில் மாதிரி.

"என் கிணத்துத் தண்ணி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நடந்தது இதுதான். மழைநீர்க் குழி என்பது தண்ணீரை நேராக ஆழத்துக்கு அனுப்புவதற்காகச் செய்தது. மழைத் தண்ணீர் சுத்தமானது, போகலாம். சமையலறைத் தண்ணீரில் எண்ணெய், சோறு, சோப்பு எல்லாம் இருக்கின்றன. அதைச் செரிக்கிற நுண்ணுயிர்களும் வேர்களும் மேல்மண்ணில்தான் நிறைய உண்டு. நான் அந்த மேல்மண்ணையே தவிர்த்துவிட்டு, அழுக்கை எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற்றி நண்பரின் கிணற்றுக்கு அனுப்பியிருக்கிறேன். தவித்தபோது தண்ணீர் கொடுத்த கிணற்றுக்கு.

அன்றைக்கே குழாயை வெட்டி அடைத்தேன். குழியிலிருந்த ஜல்லி, மணலை அள்ளிக் கொட்டிப் புதிதாகப் போட்டேன். ஆள் வைத்து நண்பரின் கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறைத்தோம். அவர் தடுக்கவில்லை. மோட்டார் ஓடும்போது வராந்தாவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வெளி அடுப்பு எரியவில்லை. "எனக்கு எதுக்குப்பா தனி அடுப்பு. ஒம் பொண்டாட்டி செய்யிறதே போதும்" என்றாள். எப்போதும் தம்பி என்கிறவள் 'அப்பா' போட்டுப் பேசினால் எங்கள் வீட்டில் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

நாலு நாள் கழித்துத்தான் இன்னொன்றைக் கவனித்தேன். நாங்கள் எழுந்திருப்பதற்கு முன் அவள் பின்பக்கம் தன் டம்ளர், தட்டு, ஒரு சட்டி இவற்றைக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, அறுபதடி நடந்து வாசல் பக்கம் கொண்டுபோய் ஊற்றுகிறாள். எழுபத்தேழு வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுவலி. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அவள் முதல் நாளே கேட்டாள். நான் பாத்துக்கலாம்மா என்றேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் ஜன்னலுக்கு வெளியே நடந்து போய்க்கொண்டிருந்தது.

ஹார்டுவேர் கடைக்காரரிடம் சொல்லி அழுதபோது அவர் ஒரு பெரியவரை அனுப்பினார். எழுபதை ஒட்டிய வயது. இயர்போன் கிடையாது, காதே கொஞ்சம் மந்தம். பையில் ஒரு ரசமட்டம், தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப், ஒரு ஹாக்ஸா. வந்தவர் குழாய் பக்கமே போகவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி, சமையலறைத் தரையில் ஊற்றிவிட்டு அப்படியே நின்றார். தண்ணீர் கொஞ்ச தூரம் போய், யோசித்து, நடுவிலேயே குளமாக நின்றது.

"தரைக்கு வாட்டமே குடுக்கலையே சார்" என்றார்.

வாட்டம். கொத்தனார்களும் பிளம்பர்களும் சொல்கிற இந்த வார்த்தை எத்தனை அழகு பாருங்கள். தண்ணீர் தானே ஓடுவதற்காகத் தரைக்கும் குழாய்க்கும் கொடுக்கிற சாய்வு. வீட்டுக்குள் அடுத்த முறை குளியலறையில் தண்ணீர் தேங்கினால், வாட்டம் சரியில்லை என்று தொழில்முறையில் நீங்களும் சொல்லலாம். எங்கள் வீட்டில் தரையில் இருக்க வேண்டிய வாட்டம் அம்மாவின் முகத்தில் இருந்தது.

இது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. மொகஞ்சதாரோவில் 4,000 வருஷத்துக்கு முன்பே குளிக்கிற மேடையைச் செங்கல் பாவி, ஒரு பக்கமாகச் சாய்த்து, தண்ணீரைத் தெரு வடிகாலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வடிகாலுக்கு மூடியும் உண்டு. நம் கீழடியிலும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிற சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. அவர்களுக்குத் தெரிந்தது, 'ஒரே எல்போ' காலத்தில் நமக்கு மறந்துவிட்டது.

பெரியவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக அம்மாவிடம் போனார்.

"இங்க பாத்திரம் தேய்க்கிறது யாரும்மா? நீங்கதானா? நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நின்னா காலு கடுக்குது. உக்காந்தா எந்திரிக்க முடியல" என்றாள்.

"என்ன போட்டுத் தேய்ப்பீங்க?"

"சாம்பலும் புளியும்தான். கண்ணாடிக்கு மட்டும் சோப்பு."

"மீனு கழுவுவீங்களா?"

"வாரத்துக்கு ஒரு நா."

இவ்வளவு கேள்விகள். இவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. சிங்க் முப்பத்துமூன்று அங்குல உயரத்தில் இருந்தது. 'ஸ்டாண்டர்ட் ஹைட் சார்' என்று இளைஞர் வைத்தது. அம்மாவின் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு மாதமாக அவள் தோளைத் தூக்கிக்கொண்டு பாத்திரம் கழுவியிருக்கிறாள். யாருக்காகக் கட்டினேனோ அவளைத் தவிர எல்லோரிடமும் யோசனை கேட்டிருக்கிறேன்.

வேலை மூன்று நாள் நடந்தது. என்ன செய்தார் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கழுவ ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மேடைத் தொட்டி. எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளப் பக்கத்துச் சுவரில் ஒரு கம்பி. தரையைப் பெயர்த்து, ஒரு மூலையைப் பார்த்து வாட்டம். சுற்றிலும் மூன்று அங்குலத்துக்கு ஒரு வரப்பு, வெளியே பெய்கிற மழை உள்ளே வராமல். இது வெளிச் சமையலறைக்கு மிக முக்கியம். பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு சதுர மீட்டரில் நூறு லிட்டர் தண்ணீர். எட்டுக்கு ஆறு அடித் தரை திறந்து கிடந்தால் நானூறு லிட்டருக்கு மேல். அத்தனையும் பாத்திரத் தண்ணீரோடு சேர்ந்தால் எந்தத் தொட்டியும் தாங்காது. ஓட்டுத் தண்ணீரைத் தனிக் குழாயில் மழைநீர்க் குழிக்கு அனுப்பினார். "மழத்தண்ணியும் அழுக்குத்தண்ணியும் சம்பந்தம் பண்ணக் கூடாது சார்."

அடுத்து, குழாயில் நான் மாட்டி வாளிக்குள் போட்டிருந்த ஹோஸைப் பிடுங்கி எறிந்தார். எதற்கு என்றேன். மேலே வால்வை மூடிவிட்டு, வீட்டுக்குள் கீழே ஏதோ ஒரு குழாயைத் திறந்தால், இறங்குகிற தண்ணீர் பின்னால் இருப்பதை உறிஞ்சும். வாளியில் கிடக்கிற மீன் கழுவிய தண்ணீர் ஹோஸ் வழியே ஏறி நல்ல குழாய்க்குள் போய்விடும். அதனால் குழாயின் வாய், தொட்டியின் விளிம்புக்கு மேலே ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டு இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற அந்த வெறும் காற்றுதான் பாதுகாப்பு.

தொட்டிக்கு அடியில் டிராப். வளைந்த அந்தக் குழாயில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாடையும் கரப்பான் பூச்சியும் அதைத் தாண்டி மேலே வர முடியாது. 1775-ல் அலெக்ஸாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் லண்டனில் கழிப்பறைக்காக எஸ் வடிவ வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வளைவின் உறவுக்காரர்தான் உங்கள் சிங்க்குக்குக் கீழேயும் இருக்கிறார். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் வீடு நாறுகிறதே, ஏன்? அந்த இரண்டு அங்குலம் காய்ந்து போயிருக்கும். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். வெயிலில் கிடக்கிற வெளிச் சமையலறையில் இன்னும் சீக்கிரம் காயும்.

பிறகு எண்ணெய்த் தொட்டி. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிற செங்கல் சேம்பர். சுமார் 125 லிட்டர் பிடிக்கும். குழம்பு எண்ணெய் சூட்டில் தண்ணீரோடு ஓடிவரும், குழாயில் குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். குழாய் அடைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். தொட்டியில் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை அடியில் படியும். வெளியே போகிற குழாயின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பி நடுவில் வைத்தால், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் போகும். வாரம் ஒருமுறை மேலே படிந்ததை வழித்து எடுக்க வேண்டும். அதை யார் செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது நான். ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கு முன்.

எல்லாம் சரி, கடைசியில் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க்கில் விட்டால் எண்ணெய் ஏடு கட்டிச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பெரியவர் கிணற்றுப் பக்கமாக நின்று தெருவைப் பார்த்தார். "கிணத்துலேர்ந்து அறுபதடி தள்ளிப் போவணும். வாசல் பக்கம் கொண்டுபோயிடலாம். அம்மா ஏற்கெனவே அங்கதானே ஊத்துறாங்க" என்றார். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

மூன்று அங்குலக் குழாய், அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். அறுபதடிக்குப் பதினைந்து அங்குலம். டியூபில் தண்ணீர் மட்டம் பார்த்துப் பார்த்துப் பதித்தார். வாட்டம் குறைந்தால் கசடு படியும். கூட இருந்தாலும் தப்பு, தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும், கசடு பின்தங்கிவிடும் என்றார். மனையே தெருவைப் பார்த்து இயல்பாகக் கொஞ்சம் சரிவு என்பதால் குழாய் அதிக ஆழம் போகவில்லை. திரும்புகிற இடத்தில், குச்சி விட்டுக் குத்த ஒரு சேம்பர். முடிவில், கேட்டின் பக்கத்தில் அகலமான ஒரு குழி. அதில் உடைகல், தென்னை மட்டை, சருகு. சுற்றிலும் நாலு வாழை, கரையில் கல்வாழை.

இங்கே என் மனைவி தலையிட்டாள். "வாசல்ல வாழை மரமா? கல்யாண வீடு மாதிரி இருக்காதா?"

"இருக்கட்டுமே" என்றாள் அம்மா. ஒரு மாதத்தில் அவள் சொன்ன முதல் அபிப்பிராயம்.

பெரியவர் கிளம்பும்போது அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். "சாம்பல் போட்டுத் தேய்ச்ச மொதத் தண்ணிய வாளியில பிடிச்சு முருங்கைக்கு ஊத்திடுங்கம்மா. சாம்பலும் எண்ணெயும் சேந்தா குழாயில கல்லாயிடும். பிளீச்சிங் தண்ணிய மட்டும் இதுல விட்டுடாதீங்க, வாழை தாங்காது." எனக்கு எந்த உபதேசமும் இல்லை. பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கொல்லை அடுப்பு மறுபடி எரிந்தது. வாழை, யாரும் சொல்லாமலே வளர்ந்தது. வருகிறவர்கள் எல்லோரும் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். அடுத்த வீட்டு நண்பர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று வேலைக்காரப் பெண் மூலம் தெரிந்தது. முதல் தார் வெட்டியபோது இரண்டு சீப்பு கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார். வணக்கம் சொன்னால் வணக்கம் சொன்னார். ஆனால் காலையில் பேப்பர் படிக்க வரவில்லை. சில விஷயங்களுக்கு எந்தப் பிளம்பரும் வாட்டம் கொடுக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

2023 டிசம்பர் ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். சென்னையில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கேட்டோடு நின்றது. வாழை இரண்டு சாய்ந்துவிட்டது. வாசல் குழி மூழ்கிப்போனதால், சேம்பரில் குழாய் வாயைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்துவிட்டு, கழுவுகிற தண்ணீரைப் பெரிய அன்னக்கூடையில் பிடித்து வைத்தோம். இரண்டு நாள் கரன்ட் இல்லை. மோட்டார் இல்லாமல் மாடித் தொட்டி காலி. சிம்னி, மிக்ஸி, இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் மௌன விரதம். கேஸும் அன்று பார்த்துத் தீர்ந்துபோயிருந்தது.

அம்மா எழுந்து போய், பரணில் உலர்ந்திருந்த விறகை எடுத்து அடுப்பை மூட்டினாள். வரப்புக்கு உள்ளே தரை காய்ந்திருந்தது.

"அரிசி இருக்கு, பருப்பு இருக்கு. தண்ணி?" என்றாள்.

நான் சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தம். நண்பர் மழையில் நனைந்தபடி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். வாளியில் இருந்து ஒரு சொம்பு மொண்டு, சுவருக்கு மேலே என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாருங்க சார்."

பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. தண்ணீர் வாசனை மட்டும்.

"உங்க வீட்டுல எத்தனை பேர் சார்?" என்றேன்.

"நாங்க ரெண்டு பேர்தான். ரசம் இருந்தா போதும். அம்மா கையால."

வெள்ளக் காலம் என்பதால் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். இரண்டு நாளும் இரண்டு வீட்டுக்கும் கொல்லை அடுப்பில்தான் சமையல். மூன்றாம் நாள் கரன்ட் வந்தது. நாலாம் நாள் காலை நண்பரும் வந்தார். பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போன மாதம் என் மகள் ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறாள். பதினோராவது மாடி. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் பிளானை விரித்துக் காட்டினாள். "இது ஹால் பாட்டி, இது கிச்சன், இதோ பாரு, கிச்சனை ஒட்டி ஒரு யூட்டிலிட்டி. உன்னை மாதிரி நானும் வெளியிலேயே பாத்திரம் கழுவலாம்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அழகா இருக்கு கண்ணு. தண்ணி எங்க போவும்?"

மகள் என்னைப் பார்த்தாள். பாத்துக்கலாம் என்று வாய் வரை வந்துவிட்டது.

"தெரியலம்மா. நாளைக்கே கேட்டுச் சொல்றேன்" என்றேன்.